கூட்டாக எழுதியது யாருக்குச் சொந்தம்? அதிலுள்ள ஒருவரின் பெயரை எப்படி நீக்குவது?

திருவொற்றியூர்வாசி கேட்கிறார்:

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்த பிறகு, அங்கே வலை வீசியும் கையால் தடவி இறால் பிடித்தும் பிழைக்கும் மக்களின் வாய்மொழியை நாங்கள் ஏழு பேர் சேர்ந்து எழுதத் தொடங்கினோம். எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கக் கூடாது என்று எண்ணி, ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையில் (சர்வர்கள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான பொது விதிகள்) பல சர்வர்கள் இணைந்து இயங்கும் கூட்டெழுத்துத் தளம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தையும் ஏற்றுக்கொண்டோம்.

தம் தோல் நோயையும் வட்டிக் கடனையும் பற்றி எங்களிடம் மனம்விட்டுப் பேசிய ஓர் அக்கா, மகளுக்கு வரன் பார்க்கும் இந்நேரத்தில் தம் பெயரை எடுத்துவிடும்படி கேட்கிறார். எடுத்துவிட்டோம், ஆனால் திருத்த வரலாற்றிலும் வேறு இரண்டு சர்வர்களிலும் அது அப்படியே இருக்கிறது. இதற்கிடையே, குழுவிலிருந்து விலகிய நண்பர் ஒருவர் முழுவதையும் நூலாக அச்சிடப் போவதாகச் சொல்கிறார். அவரைத் தடுக்க முடியுமா?

பழைய வண்ணாரப்பேட்டை வழக்குரைஞர்:

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவருக்கே உரிமை; பதிவு செய்யத் தேவையில்லை, சர்வர் வைத்திருப்பவருக்கும் அதில் பங்கில்லை. யார் எழுதியது எது என்று பிரிக்க முடியாத பகுதிகளுக்கு நீங்கள் அனைவரும் கூட்டு ஆசிரியர்கள். ஆனால் நீங்கள் ஏற்ற உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. அனைவரின் பெயரையும் போட்டு, அதே உரிமத்தில் வெளியிட்டால், நண்பர் அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். தாம் மட்டுமே எழுதியதாகக் காட்டினால் அது உரிம மீறல்.

அக்காவின் பெயர் முற்றிலும் வேறு விஷயம். அந்தரங்க உரிமையை இந்த உரிமம் யாருக்கும் வழங்குவதில்லை என்று அதன் வாசகமே சொல்கிறது. அக்கா உரிமம் கொடுத்தவரும் அல்லர். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கொடுத்த இசைவைத் திரும்பப் பெறலாம் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறினாலும், அது படிப்படியாக நடைமுறைக்கு வரும் சட்டம் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நண்பருக்கு இன்றே எழுத்துமூலம் தெரிவியுங்கள். அச்சுக்குப் போன பிறகு எதுவும் கடினம்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு சர்வர் நிர்வாகி:

தம்பி, பக்கத்தைத் திருத்தினால் பழைய வடிவம் போகாது; உங்கள் நிர்வாகிதான் தரவுத்தளத்திலிருந்தும் காப்புப் பிரதியிலிருந்தும் அதை நீக்க வேண்டும். பக்கத்தையே நீக்கினால் மற்ற சர்வர்களுக்கு நீக்கல் அறிவிப்பு போகும், ஆனால் அது வேண்டுகோள்தான். அந்நேரம் செயல்படாமல் இருந்த சர்வருக்கு அது போய்ச் சேராமலும் போகலாம், சேர்ந்தாலும் கீழ்ப்படியும்படி கட்டாயப்படுத்த நெறிமுறையில் வழியில்லை. ஒருவர் கையில் எல்லாம் இருக்கக் கூடாது என்று நீங்கள் விரும்பியதன் மறுபக்கம் இது. எனவே நீக்குவதற்கு முன், பக்கம் எந்தெந்தச் சர்வர்களுக்குப் போனது என்ற பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, அந்த நிர்வாகிகளுக்குத் தனித்தனியே காரணத்தைச் சொல்லி எழுதுங்கள். என்னிடம் அப்படி வந்த கடிதங்களுக்கு அன்றே நீக்கியிருக்கிறேன்.

எண்ணூரில் பிறந்தவள்:

பெயரை மட்டும் எடுத்தால் போதாது. எங்கள் குப்பம் சிறியது; எந்தத் தெரு, எத்தனை பெண் பிள்ளைகள், யாரிடம் கடன் என்று எழுதியிருந்தால் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். திருத்திய பகுதியை அந்த அக்காவுக்கு வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே வெளியிடுங்கள்.

திருவொற்றியூர்வாசி:

மூவருக்கும் நன்றி. இரண்டு நிர்வாகிகளுக்கும் நண்பருக்கும் இன்றிரவே எழுதுகிறேன். தெருவும் கடனும் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன என்பதை இப்போதுதான் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் முழுவதையும் வாசித்துக் காட்டுகிறேன்.