மிகிந்தலை ஆஸ்பத்திரி இடிபாடு: 'உலகின் முதல்' என்று சொல்லலாமா?

வன்னிமைந்தன்:
இலங்கையின் அநுராதபுரத்திலிருந்து கிழக்கே 12 கிலோமீட்டர் தூரத்தில் மிகிந்தலை, பௌத்த மலை. வருகிற சனம் முழுக்க மலையேறும் அவசரத்தில் படிக்கட்டை நோக்கி ஓடும். அடிவாரத்திலேயே ஒரு பழைய ஆஸ்பத்திரியின் அடித்தளம் கிடக்கிறது, யாரும் நிற்பதில்லை. நடுவில் முற்றம், முற்றத்தின் மத்தியில் புத்தர் சிலைக்கான மேடை, நாலு பக்கமும் திண்ணை, திண்ணையை ஒட்டிச் சின்னச் சின்ன அறைகள். அதற்கு முன்னால் இன்னொரு முற்றம்: மருந்து செய்யவும் வெந்நீர்க் குளியலுக்கும். கூடவே ஒரே கல்லில் குடைந்த தொட்டி ஒன்று. தலை, தோள், கால் என்று மனித உடம்பின் அச்சிலேயே குடைந்திருக்கிறார்கள்.

கட்டியவன் அநுராதபுர அரசன் இரண்டாம் சேனன், 9ஆம் நூற்றாண்டு. ஜெர்மன் ஆய்வாளர் மியூலர்-டீட்ஸ் 1975இலேயே இதை உலகின் மிகப் பழைய மருத்துவமனையாகக் கருதலாம் என்று எழுதிவிட்டார். நமக்கு இன்னும் தெரியவில்லை.

கல்வெட்டுக்காரன்:
நல்ல இடம், சந்தேகமே இல்லை. ஆனால் 'உலகின் முதல்' என்பதை விட்டுவிடுங்கள். ரோமப் படைமுகாம்களில் 1ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவமனை உண்டு. சுவிட்சர்லாந்தின் விண்டிஷ், ஸ்காட்லாந்தின் இஞ்ச்டுதில் இரண்டிலும் கட்டடத்தின் வரைபடமே அகழ்வில் கிடைத்திருக்கிறது. அங்கேயும் முற்றத்தைச் சுற்றி அறைகள்தான். அப்புறம் 4ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் இருக்கும் செசரியா நகரத்தில் பேசில் பாதிரியார் நடத்திய மருத்துவமனை. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் பாட்னா பக்கம் கும்ராகர். 1950களில் தோண்டியபோது 'ஆரோக்கிய விகாரை' என்று பெயர் பொறித்த குப்தர் காலக் களிமண் முத்திரை கிடைத்தது. மிகிந்தலைக்கு நானூறு வருடம் மூத்தது.

அநுராதபுரத்தின் பழைய அரசன் பண்டுகாபயன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே ஆஸ்பத்திரி கட்டினான் என்று அடுத்து வருவீர்கள். அதைச் சொல்லும் இலங்கை வரலாற்று நூலான மகாவம்சம் எழுதப்பட்டது ஏறக்குறைய 900 வருடம் கழித்து.

வன்னிமைந்தன்:
பண்டுகாபயனை நான் இழுக்கவே இல்லை, நீங்களே இழுத்து நீங்களே அடிக்கிறீர்கள். ரோமர் கட்டியது காயம்பட்ட சிப்பாயைத் தேற்றித் திரும்பச் சண்டைக்கு அனுப்ப. அது படைத்தளத்தின் ஒரு பகுதி. கும்ராகரில் கிடைத்தது முத்திரை. முத்திரை மேல் நோயாளியைப் படுக்க வைக்க முடியாது. இங்கே அறை, குளியல், தொட்டி எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

பாலாற்றங்கரை:
இரண்டு பேரும் திருமுக்கூடலை மறந்தாச்சு. காஞ்சிபுரம் பக்கம் பாலாறு, செய்யாறு, வேகவதி சேரும் இடம். அங்கே வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு, 1068-69 வாக்கில். வீரசோழன் ஆதுலர் சாலைக்கு, அதாவது ஆஸ்பத்திரிக்கு, 15 கட்டில். வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு வருடத்துக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவை செய்பவருக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச ஆள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர், ராத்திரி முழுக்க எரிய ஒரு விளக்கு. வருடத்துக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் இருக்கிறது. இப்படி ஒரு விவரம் மிகிந்தலையில் உண்டா?

வன்னிமைந்தன்:
இருநூறு வருடம் பிந்தியது, அண்ணே. அந்த 15 கட்டில் கிடந்த இடத்தில் இன்றைக்கு எதைக் காட்டுவீர்கள்? தலைப்பு இடிபாட்டைப் பற்றியது.

விவரம் கேட்டதால்: மிகிந்தலையிலும் கல்வெட்டு உண்டு. மலையில் அன்னதானக் கூடத்துக்குப் பக்கத்தில் நான்காம் மகிந்தன் (956–972) நிறுத்திய இரண்டு பெரிய பலகைக் கற்கள். விகாரையில் யாருக்கு என்ன கூலி என்ற அந்தக் கணக்கில் வைத்தியரும் வருகிறார், அட்டை விட்டு இரத்தம் எடுப்பவரும் வருகிறார்.

மூலிகைக்கடை:
தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. சிலர் அதைச் சவப்பெட்டி என்றுகூட நினைக்கிறார்கள். ஆயுர்வேதத்தில் அவகாகம் என்று ஒரு முறை: மூலிகைக் கஷாயத்திலோ எண்ணெயிலோ ஆளை முக்கி வைப்பது. வாத நோய்க்கு இன்றும் செய்கிறார்கள். மரத்தொட்டியில் ஆள் முழுக நிரப்ப எவ்வளவு எண்ணெய் பிடிக்கும் என்று காய்ச்சியவனைக் கேட்டால் தெரியும். உடம்பின் அச்சில் குடைந்தால் அதில் பாதிகூட வேண்டாம். கலை நயம் எல்லாம் இல்லை, மருந்துச் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

மதுரைக்காரி:
இரண்டாம் சேனன் பெயர் வந்ததால் சொல்கிறேன். 862 வாக்கில் மதுரைக்குப் படை அனுப்பிச் சூறையாட வைத்த அதே ஆள். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, இந்தப் பக்கம் கொள்ளை.

வன்னிமைந்தன்:
அதற்கு முந்தின ராசா காலத்தில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் வந்து அநுராதபுரத்தைச் சூறையாடியதற்குப் பதிலடி அக்கா அது. பிறகு 993இல் ராஜராஜன் படை வந்தது, தலைநகரே பொலன்னறுவைக்குப் போனது. மிகிந்தலை காடானதில் நம்மாட்களுக்கும் பங்கு இருக்கிறது.

பாலாற்றங்கரை:
ஆஸ்பத்திரியைச் சோழன் இடித்தான் என்று எந்தக் கல்லில் எழுதியிருக்கிறது? தலைநகர் போனால் மானியம் போகும், குளத்தைப் பராமரிக்க ஆள் போகும், கட்டடம் தானே விழும். எல்லாவற்றையும் சோழன் தலையில் கட்டாதீர்கள்.

கல்வெட்டுக்காரன்:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். என் பெரிய சந்தேகம் வேறு. முற்றம், சுற்றிலும் சின்ன அறை, நடுவில் சிலை: இது துறவிகள் தங்கும் விகாரையின் அமைப்பேதான். தொட்டியை எடுத்துவிட்டால் இது ஆஸ்பத்திரி என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? இருந்தாலும் நோயுற்ற பிக்குகளுக்கு மட்டும்தானா, ஊர்ச் சனமும் வந்ததா? ரோமச் சிப்பாயைத் தள்ளிவைத்தவர் பிக்குவையும் தள்ளித்தான் ஆக வேண்டும்.

வன்னிமைந்தன்:
தொட்டியை ஏன் எடுக்க வேண்டும்? பொலன்னறுவையில் ஆளாகன பிரிவேனா என்ற பிக்குகளின் மடத்துக்குப் போங்கள், முதலாம் பராக்கிரமபாகு காலத்து (1153–1186) வளாகம். அங்கேயும் இதே மாதிரி தொட்டி. 1980களில் யுனெஸ்கோ உதவியோடு பேராசிரியர் பிரேமதிலக தோண்டியபோது கத்தரி, இடுக்கி, அறுவைக் கத்தி எல்லாம் வந்தன. மெதிரிகிரியவிலும் தொட்டி இருக்கிறது. அமைப்பும் தொட்டியும் மூன்று இடத்தில் சேர்ந்தே வருகின்றன. தற்செயல் என்கிறீர்களா?

கல்வெட்டுக்காரன்:
தற்செயல் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொண்டே கேட்கிறேன், யாருக்கு? நீங்கள் சொன்ன மகிந்தன் கற்கள் விகாரையின் வரவு செலவு. வைத்தியருக்குக் கூலி கொடுப்பது விகாரை, வேலை விகாரைக்கு. உழவன் வந்து படுத்தான் என்று அதில் ஒரு வரி காட்டுங்கள், மீதியைப் பேசலாம்.

மூலிகைக்கடை:
திருமுக்கூடலிலும் அதே கதைதானே. அந்தக் கல்வெட்டில் கோயில் பணியாளரும் வேதம் படிக்கும் பிள்ளைகளும்தான் முன்னால் வருகிறார்கள். அதற்கும் இதே கேள்வியைக் கேட்பீர்களா, பாலாற்றுக்காரரிடம்?

கல்வெட்டுக்காரன்:
கேட்பேன். பதில் சொல்லட்டும்.