மகளின் அமெரிக்க பாஸ்போர்ட் முடியப்போகிறது, கணவர் அங்கே, நாங்கள் காவேரிப்பட்டினத்தில். உதவுங்கள்

கேள்வி (காவேரிப்பட்டினம்):
வணக்கம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவசரமாக ஊருக்கு வந்தேன். இரண்டு பேரும் அமெரிக்காவில் பிறந்தவர்கள், அந்த ஊர் பாஸ்போர்ட், இரண்டு பேருக்கும் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை) இருக்கிறது. நானும் கணவரும் இந்தியர்கள், அவர் வேலையை விட்டு வரமுடியவில்லை. நேற்றுத்தான் பார்த்தேன், சின்னவளின் பாஸ்போர்ட் இன்னும் ஐந்து வாரத்தில் முடிகிறது, எங்கள் டிக்கெட்டோ ஏழு வாரம் கழித்து, பெங்களூரிலிருந்து துபாய் வழியாக. பெரியவனுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அவர் இல்லாமல் நான் மட்டும் இங்கேயே புதுப்பிக்க முடியுமா? ராத்திரி தூக்கமே இல்லை.

பதில் (ஓசூர்):
ஓசிஐ வாழ்நாள் விசாதானே தங்கச்சி, அதைக் காட்டிப் போய்விடலாமே. இல்லாவிட்டால் தட்கலில் ஒரு இந்திய பாஸ்போர்ட் எடுத்துவிடு, அப்பா அம்மா இரண்டு பேரும் இந்தியர்தானே.

பதில் (மொரப்பூர்):
அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டுமே சரிவராது. ஓசிஐ இந்தியாவுக்குள் வரவும் இருக்கவும்தான், அமெரிக்காவுக்குள் போக அது உதவாது. அமெரிக்கக் குடிமக்கள் அந்த நாட்டு பாஸ்போர்ட்டில்தான் அங்கே நுழையவேண்டும், குழந்தையானாலும் அப்படித்தான். இந்தியச் சட்டமோ இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பெயரில் 'குடிமகன்' என்று இருந்தாலும் ஓசிஐ குடியுரிமை இல்லை, ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அந்த பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இந்திய பாஸ்போர்ட்டும் கேட்டால் பிள்ளைக்குத்தான் பிற்பாடு சிக்கல்.

தங்கச்சி, என் அக்கா மகனுக்கு நான்தான் கூடப்போய் இதை முடித்தேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன், உனக்கு நேரம் இருக்கிறது, ஆனால் இன்றைக்கே ஆரம்பித்துவிடு. சென்னை அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் இருக்கிற அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டுக்கு அப்பாயிண்ட்மெண்ட் எடு. விசா வரிசை வேறு, அமெரிக்கக் குடிமக்களுக்கான சேவை வேறு, இணையதளத்தில் அதைப் பார்த்துத் தேர்ந்தெடு. பதினாறு வயதுக்குக் கீழே இருந்தால் தபாலில் புதுப்பிக்க முடியாது, டிஎஸ் 11 படிவத்தோடு குழந்தையே நேரில் வரவேண்டும். கட்டணம் 100 டாலரும் 35 டாலரும் சேர்ந்து 135. பெற்றோர் இரண்டு பேரும் சம்மதிக்கவேண்டும், வரமுடியாதவர் டிஎஸ் 3053 என்ற சம்மதப் படிவத்தில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். நீங்கள் எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான்: நோட்டரியிடம் அவர் காட்டிய அடையாள அட்டையின் நகல், முன்பக்கம் பின்பக்கம் இரண்டும், கூடவே வரவேண்டும். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 90 நாள்தான் செல்லும். ஸ்கேன் மட்டும் அனுப்பாமல் மூலத்தையே கூரியரில் போடச்சொல். உன் கணவரை வீட்டுப் பெட்டியிலிருந்து பிறப்புச் சான்றிதழின் மூலத்தையும் அதே கூரியரில் வைக்கச்சொல், நீ எடுத்து வந்திருக்க மாட்டாய்.

போட்டோ இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி. நம்ம ஊர் ஸ்டுடியோவில் 'பாஸ்போர்ட் சைஸ்' என்றால் இந்திய அளவில் எடுத்துத் தந்துவிடுவார்கள், அளவைச் சொல்லி எடு. கைபேசியை உள்ளே விடமாட்டார்கள், கூட யாராவது வந்தால் நல்லது.

கேள்வி கேட்டவர்:
அண்ணா, பிறப்புச் சான்றிதழ் அங்கேதான் இருக்கிறது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! அப்புறம் பெங்களூர் எங்களுக்கு இரண்டு மணி நேரம்தான், அங்கேயும் தூதரகம் திறந்துவிட்டார்கள் என்கிறார்களே?

பதில் (மொரப்பூர்):
2025 ஜனவரியில் திறந்தார்கள், ஆனால் திறந்தபோது விசா, பாஸ்போர்ட் வேலை எதுவும் அங்கே தொடங்கவில்லை. இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள், நான் சென்னையையே நம்புவேன்.

பதில் (தர்மபுரி):
அம்மா, ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். பாஸ்போர்ட்டை அமெரிக்காவில்தான் அச்சடித்து அனுப்புகிறார்கள், அதனால் சில வாரம் ஆகும். பயணத் தேதி நெருங்கியும் வரவில்லையென்றால் அவசர பாஸ்போர்ட் கேட்கலாம், அது ஒரு வருடத்துக்கு மேல் செல்லாது, ஆனால் ஊர் போய்ச் சேரப் போதும். அது கையில் வந்தால் துபாய் வழியாக அதில் ஏற்றுவார்களா என்று விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். இன்னொன்று, உங்கள் விசா ஸ்டாம்ப் தேதியையும் பாருங்கள், பிள்ளைகளுடையதைத் தேடும் பதற்றத்தில் நம்முடையதை மறந்துவிடுவோம்.

கேள்வி கேட்டவர்:
என் விசா சரியாக இருக்கிறது ஐயா, பார்த்துவிட்டேன். ஓசிஐயையும் புதிதாக எடுக்கவேண்டுமா?

பதில் (மொரப்பூர்):
வேண்டாம். 2021-ல் எளிதாக்கிவிட்டார்கள். இருபது வயது ஆகும்வரை, பாஸ்போர்ட் மாறும்போதெல்லாம் புது பாஸ்போர்ட் நகலையும் புதுப் போட்டோவையும் ஓசிஐ இணையதளத்தில் ஏற்றினால் போதும், மூன்று மாதத்துக்குள், கட்டணம் இல்லை. இருபது வயதுக்குப் பிறகு எடுக்கும் பாஸ்போர்ட்டுக்கு ஒருமுறை மட்டும் அட்டையை மாற்றவேண்டும்.

கேள்வி கேட்டவர் (நான்கு வாரம் கழித்து):
வந்துவிட்டது! அவர் அனுப்பிய கூரியர் எட்டாம் நாள் கிடைத்தது. காலை அப்பாயிண்ட்மெண்டுக்காக நள்ளிரவே கார் எடுத்துக் கிளம்பி, ஆம்பூர் வந்தபோது பாப்பா தூங்கிவிட்டாள். சன்னலில் அவர்கள் கேட்டது நீங்கள் சொன்ன அதே அடையாள அட்டை நகல்தான், பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்கள். நேற்று புது பாஸ்போர்ட் கைக்கு வந்தது, ஓசிஐயில் ஏற்றியும் விட்டேன். அப்பாவும் இப்போது எழுந்து நடக்கிறார். மொரப்பூர் அண்ணா, கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக்கு வாருங்கள், தோட்டத்து மாம்பழம் எடுத்து வைத்திருக்கிறேன்.