உதவி தேவை: ஐஸ்கஸி லன் தெரிகிறது, மவுண்ட் செய்தால் தொங்குகிறது (ஞாயிறு தேர்வு, அவசரம்)

பாளை_லேப்
ஸ்டோரேஜ் சப்போர்ட் சான்றிதழ் தேர்வுக்காக வீட்டிலேயே லேப் போட்டிருக்கிறேன். ஒரு மெஷினின் டிஸ்கை நெட்வொர்க் வழியாக இன்னொரு மெஷின் தன் டிஸ்க் போலப் பயன்படுத்தும் ஐஸ்கஸி (iSCSI) அமைப்பு. டிஸ்க் தரும் மெஷினான டார்கெட்டில் லாகின் ஆகிறது. அது தரும் டிஸ்க், அதாவது லன் (LUN), தெரிகிறது. ஒரே லன்னுக்குப் போகும் பல பாதைகளைப் பார்த்துக்கொள்ளும் மல்டிபாத்தில் இரண்டு பாதையும் ஆக்டிவ் ரெடி என்றே காட்டுகிறது. பிங்கும் போகிறது. ஆனால் அந்த டிஸ்கைத் திறக்க மவுண்ட் கொடுத்தால் அப்படியே நிற்கிறது. சில சமயம் மவுண்ட் ஆகிவிட்டு, ஃபைல் காப்பி செய்யும்போது நிற்கிறது. கன்ட்ரோல் சி அடித்தாலும் அசையவில்லை. நேற்று வரைக்கும் நன்றாக ஓடியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடலாமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பேட்டைக்காரன்
எதையும் அழிக்காதீங்க. என்ன ஓஎஸ்? நிஜ மெஷினா, விர்ச்சுவலா? டார்கெட்டுக்குப் பின்னால் என்ன டிஸ்க், பல டிஸ்கைச் சேர்த்து ஒன்றாக்கும் ரெய்டு உண்டா? தொங்கும் நேரத்தில் கர்னல் லாக்கில் என்ன வருகிறது? இது எதுவும் இல்லாமல் யார் என்ன சொல்ல முடியும்?

கடையம்_எலக்ட்ரிகல்
முதலில் எர்த்தைப் பாருங்க தம்பி. கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறதா? அப்புறம் உள்ளே கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். ஒரு 3.5 இன்ச் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் லைனில் ஏறக்குறைய 2 ஆம்பியர் கேட்கும். நாலைந்து டிஸ்க் ஒரே நேரத்தில் கிளம்பினால் பழைய எஸ்எம்பிஎஸ் தாங்காது. நம்ம பக்கம் மழை நாளில் கரண்ட் வந்து வந்து போகிற அழகுக்கு, நான் பார்த்த டிஸ்க் கோளாறில் பாதி இதுதான்.

பாளை_லேப்
இரண்டுமே நிஜ மெஷின், டெபியன் லினக்ஸ். டார்கெட்டில் 500 ஜிபி பழைய டிஸ்க் நாலு, சாஃப்ட்வேர் ரெய்டு 5 (ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா பிழைக்கும்). எஸ்எம்பிஎஸ் புதுசுதான் அண்ணாச்சி, ஷாக்கும் அடிக்கவில்லை. லாக்கில் ‘பிங் டைம்அவுட் ஆஃப் 5 செகண்ட்ஸ் எக்ஸ்பயர்டு’, அதற்குக் கீழே ‘டிடெக்டட் கனெக்‌ஷன் எரர் 1022’. இதே மாறி மாறி வருகிறது.

சான்_மூத்தவர்
இதைக் கேட்ட பிறகுதான் தருகிறாய். சப்போர்ட் வேலைக்குப் படிக்கிறவன் 1022 என்றால் என்னவென்று தெரியாமல் தேர்வுக்குப் போகலாமா? டிஸ்கைக் கேட்கும் மெஷினான இனிஷியேட்டர், ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் நோப் அவுட்டை 5 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும், பதில் வரவில்லை என்றால் கனெக்‌ஷனை அறுத்துவிடும். நீ போடுகிற சாதாரண பிங்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இதெல்லாம் பாலபாடம் தம்பி, தேர்வைத் தள்ளிப்போடுவது நல்லது. அதோடு இந்தக் காலத்தில் ரெய்டு 5 போட்டுப் பழகுகிறவனை எந்த டேட்டா சென்டரில் சேர்ப்பார்கள்?

செங்கோட்டை_72
இரண்டு நெட்வொர்க் கார்டும் ஒரே சப்நெட்டிலா, அதாவது ஒரே ஐபி வரிசையிலா? அப்படியென்றால் ஒரு கார்டுக்கு வந்த, ‘இந்த ஐபி யாருடையது’ என்ற ஏஆர்பி கேள்விக்கு இன்னொரு கார்டு பதில் சொல்லும், பாதை குழம்பிவிடும். நான் இதில் நன்றாக மாட்டியிருக்கிறேன்.

பாளை_லேப்
இல்லை அண்ணே, ஒன்று 192.168.10, இன்னொன்று 192.168.20.

வள்ளியூர்_பேக்கப்
மூத்தவருக்கு ஒரு வார்த்தை. ரெய்டு 5 மேல் என்ன கோபம்? லேப்பில் ஒரு டிஸ்கைப் பிடுங்கிவிட்டு டிஸ்க் குறைந்து ஓடும் டீகிரேடட் நிலை, புது டிஸ்கில் டேட்டாவை மறுபடி கட்டும் ரீபில்டு எல்லாம் கண்ணால் பார்க்க அதைவிட மலிவான வழி இல்லை.

சான்_மூத்தவர்
கோபம் இல்லை, கணக்கு. சாதாரண சாட்டா டிஸ்கில், 1-க்குப் பின்னால் 14 சைபர் போட்ட அளவு பிட் படித்தால் ஒரு படிக்க முடியாத செக்டார் வரலாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பார். அது 12.5 டிபி. 4 டிபி டிஸ்க் நாலு போட்டு ஒன்று செத்தால், ரீபில்டுக்கு மிச்ச மூன்றிலும் 12 டிபி படிக்க வேண்டும். மீதியை நீங்களே யோசியுங்கள்.

வள்ளியூர்_பேக்கப்
அது உச்சவரம்பு அண்ணாச்சி, சராசரி இல்லை. டெபியனில் மாதத்தின் முதல் ஞாயிறு ரெய்டு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் வேலை தானாக ஓடும். உங்கள் கணக்கு அப்படியே பலித்தால் ஒவ்வொரு மாதமும் எரர் கொட்ட வேண்டும், கொட்டுவதில்லை. மேலும் தம்பியின் ரீபில்டு படிக்கப்போவது 1.5 டிபிதான். நிஜமான ஆபத்து வேறு. டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டாரை விடாமல் நிமிடக்கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸ் 30 விநாடி பார்த்துவிட்டு டிஸ்கை ரீசெட் செய்யும், அப்புறம் நல்ல டிஸ்க் கூட ரெய்டிலிருந்து வெளியே போய்விடும். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை வைத்து எரர் ரெக்கவரி நேரத்தை 7 விநாடியாக்கினால் பாதிச் சாவு நின்றுவிடும்.

அம்பை_நெட்வொர்க்
ரெய்டை விடுங்க, தம்பி தொங்கிக்கொண்டிருக்கிறார். ‘நேற்று வரைக்கும் ஓடியது’ என்று எழுதியதை யாரும் பிடிக்கவில்லையே. நேற்று என்ன மாற்றினீர்கள்? இரண்டாவது பாதை எப்போது சேர்த்தது? நடுவில் சுவிட்ச் உண்டா? ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியு எவ்வளவு?

பாளை_லேப்
இரண்டாவது பாதையை நேற்றுதான் சேர்த்தேன் அக்கா. முதல் பாதை நேர் கேபிள். இரண்டாவது, ஹாலில் சும்மா கிடந்த பழைய 8 போர்ட் சுவிட்ச் வழியாக. ஐஸ்கஸிக்குப் பெரிய பாக்கெட்டான ஜம்போ ஃபிரேம் நல்லது என்று படித்ததால் எம்டியு எல்லாக் கார்டிலும் 9000. ஈத்டூல் கட்டளையில் அந்தக் கார்டின் வேகம் 100 என்று காட்டுகிறது, அது பிரச்சினையா?

அம்பை_நெட்வொர்க்
அதுதான். 100 எம்பி காலத்துச் சுவிட்சுகள் பெரும்பாலும் 1500-க்கான ஃபிரேமைத்தான் எடுக்கும். பெரியதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும், யாருக்கும் தகவல் சொல்லாது. நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தின் கீழ்த்தளத்தில் பைக் போகும், லாரி போகாது. நீங்கள் அனுப்பியதெல்லாம் பைக். பிங், டிஸ்கவரி, லாகின், லன்னின் அளவைக் கேட்பது எல்லாமே சின்னப் பாக்கெட். மல்டிபாத் பாதையைச் சோதிப்பதும் டெஸ்ட் யூனிட் ரெடி என்ற, டேட்டாவே இல்லாத கட்டளையால்தான். அதனால்தான் இரண்டும் ரெடி என்று காட்டியது.

மவுண்ட் என்றதும் 4 கேபி பிளாக் படிக்க வேண்டும். இரண்டு முனையும் 9000 என்பதால் டிசிபி அதை ஒரே பாக்கெட்டில் அனுப்பும், சுவிட்சில் விழும், மறுபடி அனுப்பும், மறுபடி விழும். டிசிபியில் வரிசை மாறாது. ஆகவே பின்னால் வரும் நோப் பதிலும் அதற்குப் பின்னாலேயே நிற்கும். 5 விநாடி கழித்து 1022. கனெக்‌ஷன் அறுந்து மறுபடி லாகின், சோதனை பாஸ், மறுபடி அதே பாதையில் டேட்டா. உங்கள் லாக்கில் மாறி மாறி வருவது இந்தச் சுற்றுதான். நேர் கேபிளில் போன வேலை மட்டும் முடிந்திருக்கும், அதனால் சில சமயம் மவுண்ட் ஆனது.

இப்படிச் சோதியுங்கள். பிங்கில், பாக்கெட்டை உடைக்காதே என்று சொல்லும் -M do போட்டு, அளவைச் சொல்லும் -s 8972 கொடுங்கள். 9000-இல் ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 கழித்தால் அதுதான் வரும். இரண்டு பாதையிலும் தனித்தனியாக. 20 சப்நெட்டில் பதில் வராது, 1472 கொடுத்தால் வரும் என்று நினைக்கிறேன். உறுதியானால் அந்தப் பாதையில் இரண்டு முனையிலும் எம்டியுவை 1500 ஆக்கி, அந்த செஷனை லாக்அவுட் செய்து மறுபடி லாகின் ஆகுங்கள். பாக்கெட் அளவைக் கனெக்‌ஷன் தொடங்கும்போதுதான் இரு முனையும் பேசி வைத்துக்கொள்ளும்.

கடையம்_எலக்ட்ரிகல்
அப்படியும் சுவிட்சின் அடாப்டரை ஒருமுறை மாற்றிப் பாருங்க.

சான்_மூத்தவர்
அம்பை சொல்வது சரி. லாக்கில் 1022 பார்த்ததும் எம்டியுவைத்தான் கேட்க வேண்டும் என்று நானே எழுத இருந்தேன். தேர்விலும் இந்த மாதிரிச் சூழல் கொடுத்து ‘முதலில் என்ன செய்வாய்’ என்றுதான் கேட்பான். ரீபூட், ரீஇன்ஸ்டால் என்ற விடைகளைத் தொடாதே தம்பி. கடைசியாக மாறியது என்ன என்று தேடு.

பாளை_லேப்
8972 வரவில்லை, 1472 வந்தது. 1500 ஆக்கி லாகின் செய்தேன், இரண்டு பாதையிலும் காப்பி ஓடுகிறது. ரொம்ப நன்றி அக்கா. படிக்கப் போகிறேன்.

செங்கோட்டை_72
நேர் கேபிள் பாதை 9000-லேயே இருக்கட்டும், அது வேறு சப்நெட். ஆனால் 100 எம்பி பாதையையும் 1000 எம்பி பாதையையும் சமமாக வைத்து லோடு பகிர்ந்தால் மெதுவான பாதைதான் மொத்த வேகத்தையும் இழுக்கும். ஒன்றை மாற்றுப் பாதையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வள்ளியூர்_பேக்கப்
தம்பி, அந்த நாலு டிஸ்கில் ரெய்டு 6, ரெய்டு 10 இரண்டையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் போங்க. இரண்டிலும் கிடைக்கும் இடம் ஒன்றுதான், 1 டிபி. ரெய்டு 6-இல் எந்த இரண்டு செத்தாலும் பிழைக்கும். ஜோடி ஜோடியாகப் பிரதி எடுக்கும் ரெய்டு 10-இல் ஒரே ஜோடியில் இரண்டும் செத்தால் போச்சு.

சான்_மூத்தவர்
இப்போதாவது ரெய்டு 6-க்கு வந்தீர்களே.

வள்ளியூர்_பேக்கப்
பெரிய டிஸ்குக்கு ரெய்டு 6 வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன் அண்ணாச்சி? 12.5 டிபி கணக்கு தவறு என்றேன், இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.