புதுப்பிப்பு: பெங்களூரில் முதல் வேலை, தொண்டு நிறுவனமா ஐடி கம்பெனியா?

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஜெயநகர் கல்வித் தொண்டு நிறுவனமா, ஒயிட்ஃபீல்டு ஐடி கம்பெனியா என்று கேட்டிருந்தேன். தொண்டு நிறுவனம்தான் என்று முடிவாகிவிட்டது.

கைகொடுத்தது, "சம்பளத்தை அப்புறம் பாருங்க, ஆஃபர் லெட்டர்ல ஊழியரா கன்சல்டன்ட்டானு முதல்ல பாருங்க" என்ற பதில். லெட்டரில் 'புரொஃபஷனல் ஃபீஸ்' என்றே இருந்தது. அப்படியென்றால் கன்சல்டன்ட்தான்; 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே, பிடிப்பார்கள். பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடையாது. கேட்டதும் ஊழியராக மாற்றி, பிஎஃப்பில் அவர்கள் பங்கு 12 சதவீதத்தையும் எழுதித் தந்தார்கள்.

எதிர்பாராதது: தொண்டு நிறுவனங்களுக்கு வரும் வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 2020இல் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டார்கள். அலுவலகப் பதவிகளின் சம்பளம் இந்த வரம்புக்குள் வருவதால், அவற்றுக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். வெளிநாட்டு நிதி வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவும் 5 ஆண்டுக்குத்தான். அது எப்போது முடிகிறது, உங்கள் பதவிக்கான நிதி எந்த மாதம் வரை என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்.