ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் ரைட்டிங்கில் மட்டும் 5.5. நாலு பிரிவையும் மறுபடி எழுதணுமா?

திருச்சி_சிவில்:
அயர்லாந்தில் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கிறேன். மொத்தம் (நாலு பிரிவின் சராசரி) 6.5 வேண்டும், எந்தப் பிரிவிலும் 6-க்குக் குறையக் கூடாது. நேற்று ரிசல்ட் வந்தது: லிஸனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 6.5, ரைட்டிங் 5.5. மொத்தம் 6.5 என்றதும் வீட்டில் இனிப்பே வாங்கிவிட்டார்கள். ரைட்டிங்கைப் பார்த்தபிறகு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. திரும்ப முழு ஃபீஸ் கேட்க அப்பாவிடம் வாய் வரவில்லை. ஆங்கில வழியில் படித்ததாகக் காலேஜ் லெட்டர் கொடுத்தால் போதுமா?

வார்டு_அக்கா:
பதறாதே தம்பி. கம்ப்யூட்டரில் எழுதினாயா? அப்படியென்றால் 'ஒன் ஸ்கில் ரீடேக்' இருக்கிறது. ரைட்டிங்கை மட்டும் எழுதலாம். பரீட்சை நடந்த நாளிலிருந்து 60 நாளுக்குள், ஒரே ஒரு தடவை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் அட்மிஷன் ஆபீஸுக்கு மெயில் போடு. எல்லாப் பல்கலைக்கழகமும் அதை ஏற்பதில்லை. லெட்டர் விஷயத்தையும் அதிலேயே கேட்டுவிடு, அது இடத்துக்கு இடம் மாறும்.

பழைய_மாணவன்:
மறுமதிப்பீடும் கேட்கலாம், மார்க் மாறினால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் முதலில் சொல்லுங்கள், ரைட்டிங்கில் என்ன நடந்தது?

திருச்சி_சிவில்:
கம்ப்யூட்டர்தான் அக்கா. முதல் கேள்வி கிராஃபுக்கே அரை மணி நேரம் போய்விட்டது. நேரம் முடிந்தபோது கட்டுரையில் கீழே 187 வார்த்தை என்று காட்டியது. முடிவுரை எழுதவே இல்லை.

பழைய_மாணவன்:
அப்படியானால் மறுமதிப்பீட்டில் காசை விடாதீர்கள். 250 கேட்ட இடத்தில் 187. கட்டுரைக்கு கிராஃபைப் போல இரண்டு மடங்கு மதிப்பு. அதை முதலில் எழுதி 40 நிமிடத்தில் முடியுங்கள், மிச்ச 20 கிராஃபுக்கு. நானும் இதே தப்பைச் செய்துவிட்டுத்தான் தேறினேன். இன்னொன்று, ரைட்டிங் 6 ஆனால் உங்கள் சராசரி 6.75. அதை 7 ஆக்கித்தான் போடுவார்கள்.

திருச்சி_சிவில்:
மெயிலுக்குப் பதில் வந்துவிட்டது. ரீடேக்கை ஏற்கிறார்களாம், லெட்டர் செல்லாதாம். அடுத்த மாதத்துக்கு புக் செய்துவிட்டேன். தினம் ஒரு கட்டுரை எழுதினால் யாராவது திருத்தித் தருவீர்களா?

வார்டு_அக்கா:
இங்கேயே போடு தம்பி. நைட் டூட்டி முடிந்ததும் பார்க்கிறேன்.