‘ட்ரேட்’, ‘பாயின்ட் கார்ட்’: அணிமாற்று, முனையாளர் என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த உரையாடல் இழை நீண்டுவிட்டது. நடுவில் வாலிபால் என்பது கைப்பந்தா கரப்பந்தா என்ற பழைய சண்டையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. எனவே ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியைப் பற்றித் தமிழில் தொடர் எழுதும் ரொறன்ரோ நண்பர் முதலில் கேட்டதை மறுபடி மேலே வைக்கிறேன்:

> ட்ரேட் காலக்கெடு பெப்ரவரியில வருது. குவிக்லியைக் குடுத்து வேற ஒரு பாயின்ட் கார்ட் எடுக்கிறதோ, வைச்சிருக்கிறதோ எண்டு எங்கட ஆக்கள் சண்டை பிடிக்கினம். இந்த ஒரு வசனத்தைத் தமிழில எழுத வழி சொல்லுங்கோ.

ட்ரேட் என்றால் அணிகள் ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வது. பாயின்ட் கார்ட் என்பது பந்தைக் கொண்டுவந்து தாக்குதலைத் தொடங்கும் இடம், ராப்டர்ஸில் அந்த இடத்தில் ஆடுபவர் குவிக்லி. அகராதிக்கு அழகான சொல் அல்ல அவர் கேட்பது. ரசிகர் கோபத்தில் சொல்லும் வாக்கியத்தில் ஏற வேண்டிய சொல். அதனால் ஒவ்வொரு பரிந்துரையையும் ஒரு சண்டை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்.

‘பரிமாற்றம்’ பெயர்ச்சொல்லாக இருக்கும்வரை குறை இல்லை. வினையாக்கினால்தான் வம்பு. ‘ராப்டர்ஸ் குவிக்லியைப் பரிமாறியது’ என்று எழுதிப் பாருங்கள், வாழையிலையும் அப்பளமும் கூடவே வந்துவிடுகின்றன. ‘பரிமாறிக்கொண்டன’ என்று நீட்டினால் இலை மறையும்தான். ஆனால் அதற்கு இரண்டு அணிகளும் எழுவாயாக வேண்டும். ரசிகர் எப்போதும் தன் அணியை மட்டும் வைத்துத்தான் பேசுவார்.

‘ஆள்மாற்று’ என்றதும் எனக்கு ஆள்மாறாட்டம்தான் நினைவுக்கு வருகிறது, தேர்வறையில் பிடிபட்டவர் மாதிரி. போதாக்குறைக்கு, ஆட்டத்தின் நடுவே ஒருவரை உட்காரவைத்து இன்னொருவரை இறக்குவதற்கு ‘மாற்று ஆட்டக்காரர்’ ஏற்கெனவே இருக்கிறது. ‘இடமாற்றம்’ பரவாயில்லை. அரசு ஊழியருக்கு உத்தரவு வருவது போல, சம்மதம் கேட்காமல் மூட்டை கட்டச் சொல்வது இங்கும் உண்டு. ஆனால் கால்பந்தில் ஒரு கிளப் பணம் கட்டி இன்னொரு கிளப்பின் ஆட்டக்காரரை வாங்குகிறதே, அதற்கு அந்தச் சொல் தேவைப்படும். ராப்டர்ஸ் ஆடும் வட அமெரிக்க லீகான என்பிஏவில் பணம் கொடுத்து ஆளை வாங்கிவிட முடியாது. ஆளுக்கு ஆள், அல்லது ஆளுக்குத் தேர்வுரிமை (லீகுக்குப் புதிதாக வருபவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை). ரொக்கம் கொஞ்சம் சேரலாம், அதற்கும் வரம்பு உண்டு.

மூத்தவர் ஒருவர் எழுதியது:

> ‘கொள்வினை கொடுப்பினை’ இருக்க வேறு சொல் எதற்கு?

ஐயா, இந்த இழையில் நான் வாய்விட்டுச் சிரித்ததும் ரசித்ததும் இதைத்தான். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் இரண்டு வீடுகளைப் போலத்தான் இந்த அணிகளும் நடந்துகொள்கின்றன. உங்கள் பக்கம் கொஞ்சம் குறைகிறது, 2029ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வுரிமையைச் சேர்த்துக் கொடுங்கள் என்று சீர்வரிசைப் பேச்சும் நடக்கிறது. ஆனாலும் ‘குவிக்லியைக் கொள்வினை கொடுப்பினை செய்யுங்கள்’ என்று எந்த ரசிகரும் கத்த மாட்டார்.

என் பரிந்துரை ‘அணிமாற்று’. சொல் புதிதில்லை என்பது தெரியும். நான் இதைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம், தமிழ் வினையில் இருக்கும் ஒரு வசதி: மாறு, மாற்று. தன்வினை, பிறவினை. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் தானே முடிவெடுத்து வேறு அணிக்குப் போனால் ‘அணி மாறினார்’. ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிர்வாகம் அவரை அனுப்பினால் ‘அணிமாற்றப்பட்டார்’. கூடைப்பந்து ரசிகர்களின் சண்டையில் பாதி இந்த வேறுபாட்டின் மேல்தான் நடக்கிறது. அதை நம் மொழி ஓர் ஒற்றெழுத்தில் முடித்துவிடுகிறது.

ராப்டர்ஸ் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கவாய் லெனார்ட் 2018இல் சான் அன்டோனியோவிலிருந்து அணிமாற்றப்பட்டு வந்தார். அவருக்கு ஈடாக டிமார் டிரோசன் அங்கே போனார். ரொறன்ரோவிலேயே இருந்துவிட நினைத்த மனிதர் அவர். 2019இல் கோப்பை வந்தது. சில வாரங்களில் லெனார்ட் கிளிப்பர்ஸுக்கு அணி மாறிப் போனார். வந்ததற்கு ஒரு வினை, போனதற்கு ஒரு வினை, கோபத்துக்கும் இரண்டு முகவரி: டிரோசன் போனபோது ரசிகர்கள் நிர்வாகத்தைத் திட்டினார்கள். லெனார்ட் போனபோது திட்ட நினைத்தவர்கள் லெனார்டைத்தான் திட்ட வேண்டியிருந்தது, அதுவும் கோப்பை வாங்கிக் கொடுத்தவரை.

இப்போதைய சண்டையின் வேரும் அங்கேதான். ராப்டர்ஸின் பாயின்ட் கார்டாக இருந்த ஃபிரெட் வான்வ்லீட் 2023 கோடையில் ஹூஸ்டனுக்கு அணி மாறினார். தானாகப் போனவருக்கு ஈடு எதுவும் வராது, ராப்டர்ஸுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ‘முந்தின பெப்ரவரியிலேயே அணிமாற்றியிருக்கலாமே’ என்ற புலம்பல் அதனால்தான். (இந்த வாக்கியத்தை ‘பரிமாறியிருக்கலாமே’ என்று வாசித்துவிட்டு மேலே போங்கள்.) அந்த ஆண்டுக் கடைசியில் ஓஜி அனுனோபியை நியூயார்க்குக்கு அனுப்பி, ஆர்ஜே பேரட்டையும் இமானுவேல் குவிக்லியையும் வாங்கினார்கள்.

மாறு, மாற்று இரண்டும் ஒரே ஆளின் கதையில் வரும் இடம் இன்னொன்று. டேமியன் லில்லர்ட் 2023 கோடையில் போர்ட்லாந்திடம் தன்னை அணிமாற்றச் சொன்னார். மயாமிதான் வேண்டும் என்றார். மாற்றினார்கள், ஆனால் மில்வாக்கிக்கு. அந்தப் பேரத்தில் போர்ட்லாந்துக்கு வந்தவர்களில் ஜ்ரூ ஹாலிடேயும் ஒருவர். அவர் அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை, சில நாள்களிலேயே பாஸ்டனுக்கு அனுப்பப்பட்டு 2024இல் கோப்பை வென்றார். 2025 கோடையில் பாஸ்டன் சம்பளச் சுமையைக் குறைக்க அவரை மறுபடி போர்ட்லாந்துக்கே அணிமாற்றியது. அதே கோடையில் மில்வாக்கி லில்லர்டை விடுவிக்க, அவரும் போர்ட்லாந்துக்குத் திரும்பினார், இம்முறை தானாக. ஒருவருக்கு ஒருவர் ஈடாகப் போன இரண்டு பாயின்ட் கார்டுகள் இப்படி ஒரே அணியில் வந்து சேர்ந்தார்கள். 2013இல் பிலடெல்பியாவிலிருந்து, 2020இல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து, அப்புறம் மில்வாக்கி, போர்ட்லாந்து, பாஸ்டன் அணிகளிலிருந்து என்று ஹாலிடே ஒவ்வொரு முறையும் அணிமாற்றப்பட்டவர்தான். ஒருமுறைகூட அணி மாறியவர் இல்லை. இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுத எனக்கு இரண்டு வரி ஆகும்.

எதிர்ப்புகளுக்கு வருகிறேன்.

> அணி மாறினார் என்றால் அரசியல்வாதிதான் கண்ணில் தெரிகிறார்.

தெரியட்டும். அங்கேயும் மாறியவரா மாற்றப்பட்டவரா என்று யாருக்கும் புரிவதில்லை, அது வேறு கதை. விளையாட்டுப் பக்கத்தில் வாசிப்பவருக்குக் குழப்பம் வராது.

> ஐபிஎல் புண்ணியத்தில் ‘டிரேட்’ ஊருக்கே தெரியும். அப்படியே விட்டுவிடலாம்.

இதை அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியாது. 2025 நவம்பரில் சாம் கரனோடு ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போய், சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தபோது டீக்கடை வரை இந்தச் சொல் போய்விட்டது உண்மை. பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும், நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் ஐபிஎல்லில் வீரர் சம்மதிக்காமல் இது நடக்காது. என்பிஏவில் பெரும்பாலானவர்களிடம் யாரும் கேட்பதே இல்லை. மறுக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டுமென்றால் லீகில் எட்டு ஆண்டுகளும் அதே அணியில் நான்கு ஆண்டுகளும் ஆடியிருக்க வேண்டும். மிகச் சிலருக்குத்தான் அது கிடைக்கிறது. ‘அணிமாற்றப்பட்டார்’ என்ற செயப்பாட்டு வினை அந்தக் கையறு நிலையைச் சேர்த்தே சொல்கிறது. ‘டிரேட் ஆனார்’ அதைச் சொல்வதில்லை.

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். ‘அணிமாற்று’ என்பதில் பண்டமாற்றின் கொடுக்கல் வாங்கல் தெரியாது, ஒரு பக்க நகர்வு மட்டுமே தெரியும். முழுப் பேரத்தையும் சொல்ல வேண்டிய இடத்தில் ‘அணிமாற்றுப் பேரம்’ என்று போட்டால் போதும் என்று நினைக்கிறேன்.

இனி பாயின்ட் கார்ட்.

‘முனைக்காவலர்’ நேர்ப்பெயர்ப்பு. 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் நைஸ்மித் இந்த ஆட்டத்தைத் தொடங்கிய பிறகு வந்த ஆரம்ப காலங்களில், பின்னால் நின்று கூடையைக் காத்தவர்களுக்கு ‘கார்ட்’ என்று பெயர். வேலை மாறிப்போய்ப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பழைய காவலை நாம் ஏன் சுமக்க வேண்டும்? தமிழில் காவலர் என்றால் காக்கிச்சட்டை வேறு.

> பந்துகையாளி பின்காவல் என்று போடலாமே.

அவர் செய்வதை இது சரியாகத்தான் விவரிக்கிறது. ஆனால் 24 நொடிக்குள் ஒரு தாக்குதல் முடிந்துவிடும் ஆட்டம் இது. வர்ணனையாளர் இந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பந்து எதிர்ப்பக்கம் போய்விடும்.

‘நடத்துநர்’ பேருந்தில் சீட்டுக் கொடுக்கிறார். ‘நெறியாளர்’ தொலைக்காட்சி விவாதத்தில் கத்துகிறவர்களை அமர்த்துகிறார். ‘முனைவர்’ என்று ஒருவர் விளையாட்டாகச் சொன்னதை மட்டும் விட மனமில்லை. ஜூலியஸ் எர்விங்கை ‘டாக்டர் ஜே’ என்று அழைத்த லீகில் இன்றைய பாயின்ட் கார்ட் ஒருவரை ‘முனைவர் டான்சிச்’ என்பது பொருந்தியிருக்கும், எர்விங் முன்கள ஆட்டக்காரர் என்பதுதான் இடிக்கிறது.

அதிகம் பேர் ஆதரித்தது ‘ஆட்டமைப்பாளர்’. எனக்கு இதில் உடன்பாடில்லை. இது வேலையின் பெயர். நமக்கு வேண்டியது இடத்தின் பெயர். குவிக்லியைப் பற்றி ரசிகர்கள் சொல்லும் புகாரே ‘இவர் பாயின்ட் கார்ட் இடத்தில் நிற்கிறார், ஆனால் அடுத்தவருக்கு வாய்ப்பு உண்டாக்குவதைவிடத் தூரத்திலிருந்து எறிவதுதான் இவர் பலம்’ என்பது. அதைத் தமிழில் எழுதினால் ‘இந்த ஆட்டமைப்பாளர் ஆட்டம் அமைப்பவர் அல்லர்’ என்று வரும். முதல் பாதியை இரண்டாம் பாதி அடித்துவிடுகிறது. புள்ளி குவிக்கும் லில்லர்ட், எதிராளியைப் பூட்டிவைக்கும் ஹாலிடே, பந்தைப் பகிர்ந்தே ஆட்டத்தை ஓட்டும் ஹாலிபர்டன் என்று அந்த ஓர் இடத்தில் எத்தனை வகை! குள்ளர்களின் இடம் என்றும் சொல்ல முடியாது, மேஜிக் ஜான்சன் ஆறடி ஒன்பது அங்குலம். எது ‘அசல்’ பாயின்ட் கார்ட் என்று அடித்துக்கொள்வது ரசிகர்களின் உரிமை. நம் சொல் அந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

எனவே ‘முனையாளர்’. தாக்குதல் வியூகத்தின் முனையில் நிற்பவர். போர்முனை என்கிறோமே, அந்த முனை. பள்ளி மைதானத்தில் ‘நீ பாயின்ட் ஆடு’ என்று கேட்டுப் பழகியவருக்கு ‘நீ முனை ஆடு’ என்பது வாயில் தங்கும்.

சில்லறைச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிராஃப்ட் பிக் – தேர்வுரிமை, இழையில் யாரும் மறுக்கவில்லை. சேலரி கேப் – சம்பள உச்சவரம்பு. அதைத் தாண்டிய அணி, அனுப்பும் சம்பளத்துக்கு ஏறத்தாழ ஒத்த சம்பளத்தைத்தான் திரும்ப வாங்க முடியும் என்ற கணக்குக்கு ‘சம்பள ஈடு’. குவிக்லியின் 2024 ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கு 17.5 கோடி டாலர் வரை போகும். அவரை அனுப்புவது கடினம் என்று சொல்பவர்கள் பேசுவது இந்த ஈட்டைப் பற்றித்தான். சம்பளச் செலவு தாண்டினால் தடைகள் இறுகும் மேல்கோடான ‘செகண்ட் ஏப்ரன்’ என்பதற்கு மேலங்கி, முன்றானை என்றெல்லாம் வந்த யோசனைகளை அன்போடு தள்ளிவிட்டு ‘இரண்டாம் வரம்பு’ என்கிறேன். அதைத் தாண்டிய அணி இரண்டு சிறிய சம்பளங்களைக் கூட்டி ஒரு பெரிய சம்பளக்காரரை வாங்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு முதல் சுற்றுத் தேர்வுரிமை இல்லாமல் போகும்படி விற்றுத்தீர்க்கக் கூடாது என்ற விதிக்கு, கிளீவ்லாந்து அணியின் பழைய முதலாளி பெயரிலேயே ‘ஸ்டெபியன் விதி’ இருக்கட்டும். அந்தப் புகழ் அவருக்கே சேரட்டும்.

நண்பர் கேட்ட வசனம், என் கையில்:

‘அணிமாற்றுக் காலக்கெடு பிப்ரவரியில். குவிக்லியை அணிமாற்றி வேறொரு முனையாளரை எடுப்பதா, இவரையே வைத்திருப்பதா என்று ரசிகர்கள் மல்லுக்கு நிற்கிறார்கள்.’

எங்கே தடுக்குகிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து

*

வணக்கம் அண்ணா.

அணிமாற்று எனக்குச் சரி. நேற்றுக் கூட்டாளிமாரிட்ட சொல்லிப் பாத்தன், ஒருத்தரும் சிரிக்கேல்லை. முனையாளருக்கு மட்டும் கொஞ்சம் சிரிச்சவங்கள், ரெண்டு கிழமையில பழகிடும்.

ஒரு கேள்வி. கைல் லோரி 2012இல ஹூஸ்டனில இருந்து அணிமாற்றப்பட்டு வந்தவர், அதில பிரச்சினை இல்லை. 2021இல மயாமிக்குப் போனது எப்படி? ஒப்பந்தம் முடிஞ்சு, தானே மயாமியைத் தெரிவுசெய்தவர். ஆனால் ராப்டர்ஸ் ஒப்பந்தம் போட்டுத்தான் அனுப்பினது, அதுக்கு டிராகிச்சும் அச்சியுவாவும் வந்தவை. மாறினவரோ, மாற்றப்பட்டவரோ?

*

தம்பி, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ‘ஒப்பமிட்டு அணிமாற்றல்’ என்று அந்த ஏற்பாட்டுக்குத் தனிப்பெயர் வைத்துக்கொள்ளலாம். வாக்கியத்தில் ‘லோரி மயாமிக்கு அணி மாறினார், ராப்டர்ஸ் அதை அணிமாற்றாக ஆக்கி இருவரை வாங்கிக்கொண்டது’ என்று இரண்டு வினையையும் போடுங்கள். நடந்ததும் அதுதானே.