மூளை மலேரியாவில் உயிரைப் பறிப்பது ஒட்டுண்ணியா, உடலின் அழற்சியா?

வெண்ணிலா:
மலேரியா வகைகளில் மிகக் கொடியதான ஃபால்சிபாரம் முற்றி, மூளை மலேரியாவாகி நினைவிழக்கும் குழந்தைகளின் உயிரைப் பறிப்பது, ஒட்டுண்ணியைக் காட்டிலும், அதை எதிர்த்து உடல் காட்டும் கட்டுமீறிய அழற்சியே என்பது என் கருத்து. மலாவியின் பிளாண்டயரில் எம்ஆர்ஐ எடுத்து ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். இறந்த 25 குழந்தைகளில் 21 பேருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது. பிழைத்த 143 பேரில் 39 பேருக்கே அந்த வீக்கம்.

பழனிவேல்:
வீக்கம் உண்மை, அதை அழற்சிதான் உண்டாக்கியது என்பதற்கு அந்தப் படம் சான்றாகாது. 48 மணி நேர வளர்ச்சிச் சுற்றின் பின்பாதியில், ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுவின் மேற்பரப்பில் சிறு முடிச்சுகள் எழுகின்றன. அவற்றில் அமர்ந்துள்ள பிஎஃப்இஎம்பி1 என்ற புரதத்தால் அந்த அணு நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, மண்ணீரலின் வடிகட்டலுக்குத் தப்பிவிடுகிறது. மூளையில் அது நுண்குழாய்ச் சுவரிலுள்ள இபிசிஆர் என்ற ஏற்பியைப் பற்றிக்கொண்டால், இரத்தம் உறையாமல் தடுத்துச் சுவரைக் காக்கும் ‘புரதம் சி’ அங்கே செயல்பட முடியாமல் போக, இரத்தம் உறைந்து சுவரும் கசியத் தொடங்குகிறது.

அழற்சியே முதற்காரணம் என்றால், அதை அடக்கும் மருந்து உயிர் காத்திருக்க வேண்டுமே? தாய்லாந்தில் அழற்சியை அடக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்த சோதனையில் (1982) இறப்பு குறையவில்லை, நினைவு திரும்பத்தான் தாமதமாயிற்று. காம்பியாவில் அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தை முடக்கியபோது காய்ச்சல் தணிந்தது, ஆனால் பிழைத்தவர்களிடம் நரம்புப் பாதிப்பு கூடியது. ஒட்டுண்ணியை விரைந்து அழிக்கும் ஆர்டிசுனேட் மருந்தோ, ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் பழைய மருந்தான குயினைனின் 10.9 விழுக்காட்டு இறப்பை 8.5 ஆக்கியது (2010).

வெண்ணிலா:
ஐயா, நினைவிழந்த பிறகு கொடுத்த மருந்து பலிக்கவில்லை என்பதால் காரணமே பொய்யாகிவிடாது. இரத்தத்தில் ஒட்டுண்ணியோடு, காய்ச்சல்கூட இல்லாமல் பள்ளிக்குப் போகும் குழந்தைகள் ஆப்பிரிக்காவில் ஏராளம். ஒட்டுண்ணி மட்டுமே காரணமென்றால் அவர்கள் எப்படி நலமாக இருக்கிறார்கள்?

பழனிவேல்:
ஒட்டுண்ணியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களால்தான். காம்பியாவில் பெரியவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த, எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலினை நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தியதும் ஒட்டுண்ணிகள் வெகுவாகக் குறைந்ததை 1961இலேயே காட்டிவிட்டார்கள். ஒட்டுண்ணியிடம், நான் முன்பு சொன்ன பிஎஃப்இஎம்பி1 புரதத்துக்கென ஏறத்தாழ 60 மரபணுக்கள் உள்ளன. அவற்றை மாற்றி மாற்றி அது தப்பிப்பதால்தான் எதிர்ப்பாற்றல் மெல்லச் சேர்கிறது. சிறுவயதிலிருந்தே எதிர்ப்பாற்றல் பெற்ற பெண்ணும் முதல் கர்ப்பத்தில் மலேரியாவால் வாடுகிறாள். நஞ்சுக்கொடியில் ஒட்டிக்கொள்ள ஒட்டுண்ணி பயன்படுத்தும் புரதம் வேறு வகை, அதற்கான எதிர்ப்பொருள் அவளிடம் அதுவரை இல்லை. அடுத்தடுத்த கர்ப்பங்களில் அது இருப்பதால் பாதிப்பு குறைகிறது. ஒட்டுவதைத் தடுத்தால் நோய் தணிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

வெண்ணிலா:
அதே நஞ்சுக்கொடியில், வெள்ளணுக்கள் திரண்டு அழற்சி மிகுந்த இடங்களில்தான் குழந்தையின் பிறப்பு எடை பெரிதும் குறைகிறது. தொடங்கி வைப்பது ஒட்டுதல் என்பதை நான் மறுக்கவில்லை. சேதத்தின் அளவைத் தீர்மானிப்பது எது என்பதே என் கேள்வி, அதற்குத் தங்கள் பதிலில் இன்னும் விடையில்லை.